இருபத்து நாலு கடலை, இருபத்தைந்து தோட்டா

என்னால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது. கையும் வாயும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு. சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவேன். அடுக்கியதை எடுத்து மறுபடியும் கழுவுவேன். வேதியியல் டீச்சர், "சார், அது சுத்தமாத்தாங்க இருக்குது, உட்டுருங்க" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் போய்த் தோட்டா போடும் வேலையை ஒப்படைத்தாளே என் மனைவி, அவளைத்தான் சொல்ல வேண்டும். இல்லை, அவளைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டவன் நான்தான்.

துப்பாக்கி அவளுடையது. ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் திறந்து ஒரு தோட்டா போட்டுச் சுடுகிற வகை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகிற வழியில், அடிவாரத்தை ஒட்டி இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று என் மாமனார் உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி அது. மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மகள்தான் அப்பாவோடு நிலத்தில் நின்றாள். அதனால் அவர் இருக்கும்போதே உரிமத்தை மகள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தார். நிலம் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் வந்தது. அப்பா தனக்கென்று கொடுத்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான் என்று என் மனைவி நினைக்கிறாள். மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக் கூடாது.

பன்றியைச் சுடுவதற்கு இல்லை அது. சுட்டால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள், அப்புறம் கேஸ் கோர்ட் என்று அலைய வேண்டியதுதான். நிலக்கடலை முற்றுகிற சமயத்தில் பொழுது சாய மலையிலிருந்து பன்றிகள் கூட்டமாக இறங்கும். அவை வரப்பைத் தொடுவதற்கு முன்பே, ஆள் நடமாட்டம் இல்லாத மொட்டைப் பாறைப் பக்கம் தூக்கி இரண்டு வெடி வெடித்தால் திரும்பிப் போய்விடும். பட்டாசுக்கு அவை பழகிவிட்டன. துப்பாக்கிச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

தோட்டாதான் தலைவலி. சேலம் கடையில் கேட்டால் எப்போது பார்த்தாலும் "ஸ்டாக் இல்லீங்க, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். ஒருமுறை கடைத் தோட்டாவே ஈரம் தாக்கி, அவள் விசையை இழுத்ததும் புஸ்ஸென்று போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் "தூ, நாசமாப் போச்சு" என்று துப்பாக்கியை மடக்கி, காலிக் கூட்டைப் பிடுங்கிப் போட்டு, அடுத்ததைச் சொருகி, கண் மூடித் திறப்பதற்குள் டமாரென்று வெடித்துவிட்டாள். அவள் கை அவ்வளவு வேகம். நல்லவேளை, அன்றைக்குக் குழலுக்குள் எதுவும் அடைத்துக்கொண்டிருக்கவில்லை. அடைத்திருந்தால் இரண்டாவது வெடி வெளியே போக வழியில்லாமல் குழலையே பிளந்திருக்கும். குழலுக்குக் கீழேதான் அவள் இடது கை இருக்கும், பின்னாலேயே முகம் இருக்கும். நான் கத்தினேன். அவள் சிரித்தாள்.

அதற்கப்புறம்தான் வீட்டிலேயே தோட்டா போடுகிற மெஷினைப் பற்றி நான் கேள்விப்பட்டேன். சேலத்தில் சுடும் போட்டிக்குப் போகிற ஒருவர் பெரிய மெஷின் வாங்கிவிட்டு, பழைய சின்ன மெஷினை விற்றார். இருப்பதிலேயே மலிவான ரகம். மனைவி முறைப்படி மனு எழுதி, உரிமத்தில் அனுமதி சேர்த்து வாங்கினாள். அதற்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு நாலு நடை நடந்தாள். நான் மெஷினைச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் திருகி வைத்துவிட்டு, புது மாடு வாங்கிய ஆள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

வேலை இவ்வளவுதான். வெடித்த காலிக் கூட்டின் அடியில், விசை இழுத்ததும் பொறி கிளப்புகிற கேப்பு இருக்கும்; பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு வைக்க வேண்டும். மேலே வெடிமருந்து, மருந்துக்கு மேல் பிளாஸ்டிக் அடைப்பு, அதற்கு மேல் ஈய ரவை. கடைசியில் கைப்பிடியை இறக்கினால் வாய் மடிந்து மூடிக்கொள்ளும். ரவை எதற்கு, சத்தத்துக்குத்தானே என்று கேட்பார்கள். மேலே பாரம் இல்லாவிட்டால் மருந்து சரியாகச் சத்தம் போடாது. பெரிய மெஷினில் ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்து தானாக விழும். எங்களுடைய மெஷினில் மருந்து விழ ஒரு தகட்டைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ள மறந்தால் மருந்து விழாது. மெஷின் அதைப் பற்றிக் கவலைப்படாது. வெறும் கூட்டில் அடைப்பை இறக்கி, ரவையைக் கொட்டி, வாயையும் அழகாக மடித்துக் கொடுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மருந்தில்லாத தோட்டா ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. கேப்பு மட்டும் வெடித்து, அந்த அடைப்பையும் ரவையையும் பாதிக் குழல்வரை தள்ளிவிட்டு நின்றுவிடும். அப்புறம் அவள் கை வேகம் இருக்கிறதே, அதுதான் எமன்.

அதனால் ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விழுந்ததும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்திருந்தாள். வேலை முடிந்ததும் கொட்டையையும் தோட்டாவையும் எண்ணினால் சரியாக இருக்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன். ஒரு பிசகும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புளியங்கொட்டை டப்பா பரணில் இருந்தது. ஏணி போட்டு ஏறச் சோம்பல். முன்பட்டத்தில் போட்ட நிலக்கடலையைப் பிடுங்கிக் காய வைத்திருந்தோம்; பின்பட்டத்தில் போட்டது நிலத்தில் முற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் கள்ளக்கா என்போம். அதில் ஒரு முறம் வறுத்து எடுத்து மேசையில் கொட்டிக்கொண்டேன். மருந்து ஒரு தள்ளு, ஒரு காய் கிண்ணத்தில். மருந்து ஒரு தள்ளு, ஒரு காய் கிண்ணத்தில். நடுவில் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்து வாயில். எண்ணிக்கைக்கு வைப்பதற்கு உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்கிறது. தின்கிற சாமானை வைத்த ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன்.

பதினைந்தோ பதினாறோ முடித்திருப்பேன். வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஓசூரிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வந்து இறங்கினார். எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தேன். மனைவி நிலத்தில் இருந்தாள். மச்சான் உள்ளே வந்ததும் மெஷினைப் பார்த்தார்.

"இது என்னா மாப்ள, வூட்லயே வெடி கம்பெனியா?"

"அனுமதி வாங்கித்தாங்க மச்சான் செய்யறோம்."

"அனுமதி கெடக்குது. அப்பா துப்பாக்கின்னுதான் அவ பேருக்கு மாத்த நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நீங்க இப்புடி வூட்ல உக்காந்து போட்டத அவ சுடறதுன்னா எனக்குப் புடிக்கல. ஒரு தப்பு நடந்துச்சுன்னா போதும், நானே அவளக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன்ல துப்பாக்கிய ஒப்படைக்க வெச்சிருவேன். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

சொல்லிவிட்டு அவர் திண்டில் சாய்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் மேசைக்குத் திரும்பினேன். கோபம். கைப்பிடியை வேகவேகமாக இறக்கினேன். வாயும் வேகவேகமாகக் கடலை மென்றது. இருபத்தைந்தாவது தோட்டாவை மூடி வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணினேன்.

இருபத்து நாலு.

மறுபடி எண்ணினேன். இருபத்து நாலு. தோட்டாவை எண்ணினேன். இருபத்தைந்து. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். வறுத்த கடலை ஒட்டுமா? சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை.

இரண்டில் ஒன்று. மச்சான் வந்தபோது எழுந்து போய்விட்டுத் திரும்பியவன், தகட்டைத் தள்ளாமலே ஒரு கூட்டை மூடியிருக்கலாம். அல்லது குவியல் என்று நினைத்துக் கிண்ணத்தில் கைவிட்டு ஒன்றைத் தின்றிருக்கலாம். எதுவென்று தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது கத்திக் கெட்டது, நான் மென்று கெட்டேன்.

சமையலறைத் தராசை எடுத்து வந்தேன். ஒவ்வொரு தோட்டாவாக வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒரு கிராம், ஒன்றரை கிராம் வித்தியாசம். கூடுகள் இரண்டு மூன்று கம்பெனிகளுடையவை. கூட்டின் எடையே அவ்வளவு மாறும். உள்ளே போகிற மருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். காதருகே வைத்து ஆட்டினேன். இறுக்கமாக மூடியிருந்ததால் ஒன்றிலும் சத்தம் இல்லை. ஆரம்பிப்பதற்கு முன் மருந்து டப்பாவை நிறுத்து எழுதியிருந்தால் இப்போது தெரிந்திருக்கும். பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைத்தான் தினம் சொல்கிறேன். மொதல்ல எடைய எழுதுங்க, அப்பறம் ஊத்துங்க.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கீழே கிடந்த கடலைத் தொலிகளைப் பொறுக்கி, எத்தனை தின்றேன் என்று கணக்குப் பார்த்தேன். முதலில் குவியலில் எத்தனை இருந்தது என்று தெரியாதவன், தின்றதை எண்ணி என்ன செய்வான்?

"என்னா மாப்ள, தொலி பொறுக்கறீங்க?" என்றார் மச்சான்.

"கூட்டலாம்னுதான்."

ஒரு மணிக்கு அவள் வந்தாள். வாசலில் கால் கழுவிக்கொண்டே அண்ணனை நலம் விசாரித்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். சந்தேகமா இருக்குது, இந்தச் செட்டைச் சுடாதே. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். மச்சான் முகம் தெரிந்தது. ஒரு தப்புக்காகத்தான் அவர் காத்திருக்கிறார்; சொன்னால் துப்பாக்கி போய்விடும். அவளுக்கு அப்பா கொடுத்தது என் வாயால் போய்விடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மானமும் அதில் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது. களி கிண்டி, கோழிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் தட்டு போட்டேன். அவள் தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றினேன். அவளுக்கு ஈரல் பிடிக்கும். தேடி எடுத்துப் போட்டேன்.

"மெஷின்ல போட்டது சரியா வெடிக்குதா?" என்று மச்சான் அவளைக் கேட்டார்.

அவள் களியைத் தொட்டு விழுங்கிவிட்டு, "கடையில வாங்கனதுதாண்ணா புஸ்ஸுன்னு போச்சு. இவுரு போட்டது இன்னிக்கு வரைக்கும் ஒன்னுகூட ஏமாத்தல. இவுரு எல்லாத்துலயும் துருதுருன்னு இருப்பாரு, இதுல மட்டும் ஒழுங்கு" என்றாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அடுத்தவர் முன்னால் என்னை அவள் புகழ்ந்தது அன்றைக்குத்தான். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

"நீங்க சாப்புடலிங்களா?"

"கள்ளக்கா தின்னுட்டே இருந்தேன். பசிக்கல."

அது ஒன்றுதான் அந்த மதியம் நான் சொன்ன முழு உண்மை.

சாப்பிட்டதும் அவள் சிறிது கண்ணயர்ந்தாள். மச்சானும் குறட்டை. நான் அடுப்படிக்கும் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். தின்றிருப்பேன் என்று ஒரு நடைக்கு முடிவு செய்வேன். திரும்பும்போது, தின்னவில்லை என்றால் என்று வந்துவிடும். தோட்டாக்களை எடுத்து ஒளித்துவிடலாமா என்று யோசித்தேன். பழையது ஒன்றும் மிச்சமில்லை. எங்கே என்று கேட்பாளே, என்ன சொல்வது? மழை பெய்தால் தேவலை என்று வானத்தைப் பார்த்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

நாலரைக்கு அவள் எழுந்து முகம் கழுவி, துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டாள். மேசையிலிருந்த தோட்டாக்களில் ஆறை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். எந்த ஆறு? கைக்கு வந்த ஆறு.

"இன்னிக்கு வாணாமே. ஒரு நா உட்டா என்ன ஆவப் போவுது?" என்றேன்.

"நேத்தே வரப்போரமா நோண்டி வெச்சிருக்குதுங்க. ஒரு நா உட்டா ஒன்னுமே இருக்காது."

"பயமா மாப்ள?" என்று மச்சான் சிரித்தார். "வாங்க, நானும் பாக்கறேன் ஒங்க சரக்கு எப்புடி வெடிக்குதுன்னு."

"எனக்கு வயிறு சரியில்லீங்க. நீங்க போயிட்டு வாங்க."

மச்சான் பைக்கில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "பாத்துப் போ" என்றேன். தலையாட்டினாள். பைக் தெருமுனையில் திரும்பியது.

மேசையில் பத்தொன்பது தோட்டா மிச்சம் இருந்தது. இவற்றையாவது அறுத்துப் பார்க்கலாம் என்று புத்தி வந்தது. மருந்தில்லாதது இதில் இருந்துவிட்டால் நிம்மதி. ஒன்றை அறுத்தேன். மருந்து இருந்தது. இன்னொன்று. இருந்தது. மூன்றாவதை அறுக்கும்போது அவசரத்தில் விரலைக் கீறிவிட்டேன். பத்தொன்பதையும் அறுத்து முடிப்பதற்குள் அங்கே அவள் சுட ஆரம்பித்துவிடுவாள் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நேரம் என்னடா செய்தாய், பாவி? போனை எடுத்து அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? காது கெட்டுவிடும் என்று காதுக்கு மாட்டுகிற மூடி வாங்கிக் கொடுத்தவனே நான்தான். நிலத்தில் இறங்கினால் அதை மாட்டிக்கொள்வாள். மச்சான் போனுக்கு அடித்தேன். அடிவாரத்தில் அவர் சிம்முக்குச் சிக்னல் கிடையாது.

மொபெட்டை எடுத்தேன். சட்டைகூடப் போடவில்லை, பனியனோடு. இரண்டு கிலோமீட்டரும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் போனேன். எதிரே வந்த பால்காரர் "என்னாச்சுங்க?" என்று கத்தினார். பதில் சொல்ல நேரமில்லை. தார் ரோடு முடிந்து மண் தடத்தில் இறங்கும்போது வெடி கேட்டது.

டம்.

நல்ல கனமான சத்தம், மலையில் மோதித் திரும்பியது. அப்பாடா, இதில் மருந்து இருந்தது. அவள் எப்போதும் இரண்டு வெடிப்பாள். முதல் வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டு எண்ணலாம். எண்ணினேன். எட்டு. ஒன்பது. பத்து. சத்தம் இல்லை.

பதினைந்து எண்ணியும் சத்தம் இல்லை. அந்த நேரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். சத்தம் கேட்டிருந்தால் பயம் இல்லை. சத்தம் கேட்கவில்லை என்றால், ஒன்று அவள் சுடவில்லை, இல்லையென்றால் சுட்டு, புஸ்ஸென்று போய், காதில் மூடியோடு அது உறைக்காமல், இந்த நிமிஷம் அந்த வேகக் கையால் மூன்றாவதைச் சொருகிக்கொண்டிருக்கிறாள். மொபெட் மணலில் சறுக்கியது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பனியனைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "சுடாத! சுடாத! அடியே, சுடாத!" என்று கத்தினேன். அடியே என்று அவளை நான் கூப்பிட்டதே கிடையாது.

முதலில் பார்த்தது மச்சான்தான். பன்றி என்னைத் துரத்துகிறது என்று நினைத்துக் கையில் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டார். அப்புறம் அவள் தோளைத் தொட்டுக் காட்டினார். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத்தான் காது மூடியைக் கழற்றினாள். முதல் வெடிக்கே பன்றிகள் திரும்பிவிட்டதால் இரண்டாவதைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறாள். இரண்டு கையும் முழுசாக இருந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாங்க? யாருக்கு என்னாச்சு?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். ஒன்னுல மருந்து இல்லாம இருக்கலாம். கிண்ணத்துல ஒரு கடலை கொறையுது. நான் தின்னனா, மருந்து தள்ளலயா, தெரியல.

"கள்ளக்காயா?" என்றார் மச்சான். "எண்றதுக்கு வெச்ச கள்ளக்காயவா தின்னீங்க?" அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கட்டையைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த தோட்டாவைப் பையில் போட்டு, பையை இடுப்பிலிருந்து அவிழ்த்து அண்ணனிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏற்கனவே அறுத்த மூன்றைத் தனியாக வைத்தாள். மீதியை அவளே கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தாள். ரவை ஒரு டப்பாவில், மருந்து ஒரு டப்பாவில். மச்சான் பக்கத்தில் குந்திக்கொண்டு எண்ணினார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. மேசையில் இருந்தவை முடிந்தன. எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. அப்படியென்றால் அவள் பையில் இருந்த ஐந்தில்தான் வினை. இருபது. இருந்தது. இருபத்தொன்று. இருந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கடைசித் தோட்டாவை எடுத்து, துப்பாக்கிக்குள் இருந்து எடுத்தது அதுதானோ என்னவோ, அறுத்துக் கவிழ்த்தாள். பொலபொலவென்று மருந்து கொட்டியது.

வெடித்தது ஒன்று, அறுத்தது இருபத்து நாலு. ஒன்றுகூட வெறுமை இல்லை.

"தின்னுட்டேன்!" என்று கத்திவிட்டேன். "பாத்தீங்களா மச்சான், நாந்தான் தின்னுட்டேன்! எல்லாத்துலயும் மருந்து இருக்குது!" குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். நாற்பத்தாறு வயசு ஆள், பனியன்கூட இல்லாமல், முற்றத்தில்.

மச்சான் என் முதுகில் தட்டினார். "நல்லா தின்னீங்க போங்க. ஆனா ஒன்னு சொல்றேன், நாலு பேரு சிரிப்பாங்கன்னு பாக்காம ஓடியாந்தீங்களே, அது போதும் எனக்கு. துப்பாக்கி இங்கியே இருக்கட்டும்மா. இனிமே நான் கேக்கல."

எந்தத் தப்பைச் சொன்னால் துப்பாக்கி போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதைச் சொன்னதால்தான் அது நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவளும் சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் முறத்திலிருந்த கூடுகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"எத்தன மணிக்கிங்க சந்தேகம் வந்துச்சு?"

"பன்னெண்டரை இருக்கும்."

"நான் வர்றதுக்கு முன்னாடியே."

"அண்ணன் இருந்தாரு. சொன்னா துப்பாக்கிய..."

"எனக்குக் களி போட்டப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஈரல் தேடிப் போட்டீங்களே, அப்ப."

"தெரியும்."

"வண்டியில ஏறனப்ப, பாத்துப் போன்னு சொன்னீங்க."

மச்சான், "உடும்மா, அதான் ஒன்னும் ஆவலயே, ஓடியாந்து சொல்லிட்டாரில்ல" என்றார்.

"நான் செத்திருந்தாலும் ஓடியாந்துதான் இருப்பாருண்ணா" என்றாள் அவள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் சண்டை போடவில்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கிற குழம்பைச் சாப்பிடுகிறாள். தோட்டா மட்டும் அவளே போட்டுக்கொள்கிறாள். மதியம் மேசையில் உட்கார்ந்து மெதுவாக, ஒவ்வொன்றாக. உதவட்டுமா என்று ஓரிரு முறை பக்கத்தில் போய் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் அந்த இடத்தை விட்டுப் போகிறவரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.